அமாவாசையன்று அடங்காத நாய்க்குட்டி

ஆவணி இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் இறங்கி நின்றதுமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து மாதம் நிரம்பிய ரோஸி என்ற லாப்ரடார் குட்டியை அன்று அந்தத் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். விட்டோம் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. விட்டது, எனக்குப் பிறகு நாய் பழக்கும் தினேஷ். நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. என் கார் தேவைப்பட்டதால் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்து என்னையும் அழைத்துப் போனான்.

நம் பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். நாயை உட்கார வைப்பது எப்படி, கூடவே நடக்க வைப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கைபேசியிலேயே நூறு பேர் செய்து காட்டுகிறார்கள். பாதிப் பேர் தப்பாகக் காட்டுகிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. நான் எழுதப்போவது, நாய் நம் வாசலைத் தாண்டிப் போன பிறகு நடப்பதைப் பற்றி. முப்பத்தொரு வருடத்தில் பழக்கம் கெட்டுவிட்டது என்று என்னிடம் திரும்பி வந்த நாய்கள் அறுபத்துமூன்று. அதில் நாயின் மேல் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டு. பாக்கி அறுபத்தொன்றும் மனிதர்கள் செய்தது. அந்த அறுபத்தொன்றில் கடைசி இது.

வீட்டுக்காரர் பெயர் குமரவேல். வீட்டுக் கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவர், மற்றதில் அவர் மனைவி தனலட்சுமி. மகள் பவித்ரா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நாய் வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். பட்டுப்பாவு விரித்திருக்கும் வீட்டில் பழக்காத நாயை விட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவளும் தன் போனஸ் பணத்தைக் கொட்டி, பழக்கிய நாயாகவே வாங்கினாள். இதுவரைக்கும் எல்லோரும் புத்தியோடுதான் நடந்துகொண்டார்கள்.

ரோஸியைக் காரிலிருந்து இறக்கியதும் அந்தப் புத்தி போய்விட்டது. ஆரத்தி எடுத்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் பழக்கமான இடத்தில் தூங்கிக் கழிக்கவேண்டிய குட்டி, புது வாசலில், புது வாசனைகளுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் நடுக்கத்தைப் பார்த்து, "வால ஆட்டுது பாரு, சந்தோஷம்" என்றார் ஒருவர். தினேஷ் அதைத் தடுத்தானா? தெரு நடுவில் நிறுத்தி வித்தை காட்டினான். கைதட்டினார்கள். பிறகு ஆளாளுக்கு முயற்சி செய்தார்கள். அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் சேர்ந்து "உக்காரு" என்ற சொல்லை இருபத்துமூன்று தடவை சொன்னார்கள். ரோஸி பதினான்கு தடவை உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததை ஒருவர்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பதினைந்தாவது தடவை அது உட்காரவில்லை. ஒரு சொல்லைக் கொல்வதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடையாது.

குமரவேலை மட்டும் தனியாக அழைத்துப் பேசினேன். அந்த வீட்டுக்கு முக்கியமான சொல் "இடம்". அதைச் சொன்னால் ரோஸி போய்த் தன் பாயில் படுக்கும். "போ" என்று சொல்லும்வரை எழாது.

"இடம்னு சொன்னவரு தவறாம போன்னு சொல்லணும்ங்க. சொல்லாம நீங்க பாட்டுக்கு எழுந்து போனீங்கன்னா, அது தானா ஒரு 'போ'வைக் கண்டுபிடிச்சுக்கும்."

"பழக்கின நாய்தான சார்? அதுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க சொல்லாட்டி மறந்துடும்."

"செரி சார், செரி." அவர் கண் கூடத்தில் இருந்த பாவின் மேல் இருந்தது. ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய கல்யாணச் சேலை அது. நான் அதே விஷயத்தை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பாதீர்கள். திருப்பிக் கேள்வி கேட்கிறவன்தான் காதில் வாங்கியவன்.

இருபத்துமூன்று நாள் கழித்துப் பவித்ரா தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், உங்க நாய் சரியில்ல சார்."

ஆரத்தி எடுத்தபோது அவர்கள் நாய். இப்போது என் நாய்.

"என்னம்மா செய்யுது?"

"பாய்ல படுத்துக்கினே இருக்குது, திடீர்னு எழுந்து தறியாண்ட வருது. மத்த நாள்ல அப்பப்பதான் சார். நேத்து அமாவாசை. காலைலேர்ந்து ஒரு நிமிஷம் பாய்ல நிக்கல. தாத்தாவுக்குப் படையல் போட்டு வெச்சிருந்தோம். காக்காவுக்கு வெக்கறதுக்குள்ள ஏழு வடைய துன்னுடுச்சு."

"அப்பா என்ன சொன்னார்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தறிய ஒரு தடவ தொட்டுச்சுன்னா, அன்னிக்கே பாலாத்துப் பாலத்துல கொண்டுபோய் விட்டுடுவாராம். சொன்னா செய்வாரு சார் அவரு."

பாலத்தில் விடப்பட்ட வீட்டு நாய்கள் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அனுமதிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்ட நாய், தெருவில் யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கும்?

தினேஷிடம் சொன்னேன். அவனிடம் விடை தயாராக இருந்தது. "ஹைப்பர் டாக் சார் அது. பேட்டரி காலர் போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடும். இல்லாட்டி பதினஞ்சு நாள் ரீ-ட்ரெயினிங் பேக்கேஜ்ல போட்டுடலாம்."

"எதனால எழுந்திருக்குதுன்னு பார்த்தியா?"

"எதனாலயா இருந்தா இன்னா சார்? எழுந்தா ஷாக், எழாட்டி பிஸ்கட்டு."

இவன் பட்டயம் வாங்கியிருக்கிறான். சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் போனோம். நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. ரோஸியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். காத்துக்கருப்பு ஏதோ பிடித்திருக்கும் என்று தனலட்சுமிக்குச் சந்தேகம். பேட்டரி காலருக்கும் கறுப்புக் கயிற்றுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே காரணத்தைத் தேடச் சோம்பல்பட்டவர்கள் நாயின் கழுத்தில் மாட்டுவது.

ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, மூலையில் உட்கார்ந்தேன். நாயைத் தொடவில்லை. பேசவும் இல்லை. இந்த ஒரு மணி நேரம்தான் நம் தொழில். உங்களில் யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. வீட்டுக்குள் நுழைந்த மூன்றாவது நிமிடமே நாயின் தாடையைப் பிடிக்கிறீர்கள்.

குமரவேல் "இடம்" என்றார். ரோஸி பாய்க்குப் போய்ப் படுத்தது. இருவரும் தறிக்குழியில் இறங்கினார்கள். இரண்டு தறிகளும் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் நாற்பது நிமிடம் ரோஸி காதைக்கூட அசைக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

குமரவேலின் பாவில் ஓர் இழை அறுந்தது. அவர் தறியை நிறுத்தினார். அறுந்த முனையை உதட்டில் கவ்விக்கொண்டு இன்னொரு முனையைத் தேடினார். கணவர் தறி நின்றதும், இழை எடுத்துக் கொடுக்கத் தனலட்சுமியும் தன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தானாம். கூடம் அமைதியானது. ரோஸி எழுந்தது. சோம்பல் முறித்தது. வாலை ஆட்டிக்கொண்டு நேராகத் தறியைப் பார்த்து நடந்தது.

"படு!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார் தனலட்சுமி. ரோஸி துள்ளிப் பின்னால் ஓடியது. இப்படி இருபத்துமூன்று நாளாக நடந்திருக்கிறது.

எனக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு எழும்போதும் சரி, சாயங்காலம் தறி முடிக்கும்போதும் சரி, அவர்களில் யாரும் ஒரு நாளும் "போ" சொல்லவில்லை. வாயில் இழை, கையில் இழை, மனசில் முகூர்த்தத் தேதி. தறியை நிறுத்தினார்கள், எழுந்தார்கள், உடனே மகளோ மனைவியோ நாயைக் கொஞ்சினார்கள். அது கணக்குப் போட்டுக்கொண்டது: தறி ஓடினால் படுக்கவேண்டும், இரண்டு தறியும் நின்றால் விடுதலை. இழை அறுந்து நின்றதா, சோற்றுக்காக நின்றதா என்று அதற்கு என்ன தெரியும்? அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளர் தறியில் இறங்குகிறார்? அன்றைக்கு நாள் முழுவதும் அதற்கு விடுதலை. "இடம்" என்று ஐம்பது தடவை கத்தியிருக்கிறார்கள். தறிச்சத்தம் இல்லாத "இடம்" அதற்கு அர்த்தமில்லாத சத்தம். காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. மற்றவர்களைவிட அந்தக் குட்டிதான் வீட்டைக் கவனமாகப் படித்திருந்தது.

இதை நான் குமரவேலிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தினேஷ் ஒரு காரியம் செய்தான். பேட்டரி காலரை எடுத்து ரோஸியின் கழுத்தில் மாட்டிவிட்டான். "சும்மா அளவு பாத்தேன் சார்" என்று பிற்பாடு சொன்னான். தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து துருத்திக்கொண்டு இரண்டு உலோக முனைகள். கழுத்தில் அது ஏறியதும் ரோஸி மிரண்டு, அவன் பிடியிலிருந்து நழுவி, அருகே இருந்த மறைவுக்குள் புகுந்தது. அருகே இருந்த மறைவு குமரவேலின் பாவு.

தறிக்குப் பின்னால் பாவு கூடத்தின் கடைசிவரை நீண்டு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரம். ஆயிரக்கணக்கான பட்டிழைகள். அதன் நடுவாந்திரத்தில், இழைகளுக்கு அடியில் ரோஸி நின்றது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றதால் முதுகு மட்டும் பாவைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. சரியாக இறுக்காத வார் முறுக்கிக்கொண்டு, பெட்டி முனைகள் வெளியே தெரிய மேல்பக்கம் வந்துவிட்டது. அந்த உலோக முனைகள் இழைகளை உரசின. குட்டி தலையை நிமிர்த்தினால் முனைகள் மாட்டும். மாட்டியபின் ஓடினால் சேலை போச்சு, இரண்டு மாதக் கூலி போச்சு, முகூர்த்தத்துக்குச் சேலை கொடுப்பதாகச் சொன்ன வாக்கு போச்சு. சாயங்காலம் ரோஸி பாலத்தில் நிற்கும்.

தினேஷ் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தான். "ரோஸி, வா" என்று சொல்ல வாயைத் திறந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவன் கத்தாமல் இருந்ததற்காக மட்டும் இன்றுவரை அவனைப் பாராட்டுகிறேன்.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். நாம் அந்தக் குட்டிக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள் ஐந்து. "வா" என்றால் குறுக்கே பாய்ந்து வரும், இழைகளைக் கிழித்துக்கொண்டு. "இடம்" என்றால் பாய்க்குப் போகும். பாய் பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "உக்காரு" என்றால் பின்பக்கம் இறங்கும், தலை நிமிரும். "போ" என்ற சொல்லை அது மறந்தே போயிருந்தது. எனக்குத் தேவையான சொல் "படு". அதைத்தான் அந்த வீட்டில் இருபத்துமூன்று நாளாக ஓங்கிய கையோடு சொல்லியிருந்தார்கள். நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது துள்ளும். நாம் கொடுத்த பயிற்சியில் அந்த நிமிடத்தில் உருப்படியாக ஒன்றுகூட மிச்சமில்லை. மிச்சம் இருந்தது அந்த வீடு தெரியாமல் பழக்கிய ஒன்று மட்டும்.

தனலட்சுமியிடம், குரலை உயர்த்தாமல், "அம்மா, போய் உங்க தறிய அடிங்க" என்றேன்.

"இப்பயா?"

"இப்பவே."

அவர் பின்பக்கமாகவே நகர்ந்து போய்க் குழியில் இறங்கினார். ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நாடாவுல நூலு தீந்துபோச்சு சார்."

"நூல் இல்லாட்டி பரவாயில்ல. சத்தம் வரணும். அடிங்க."

"ஊடை இல்லாம வெறும அடிச்சா சேலைல கோடு வுழுந்துடும் சார். மொதலாளி டேமேஜ்னு திருப்பிடுவாரு."

குமரவேல் என்னைப் பார்த்தார். அவர் முன்னால் இரண்டு சேலைகள். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை நான் கெடுக்கச் சொல்கிறேன். அவர் வாயில் இன்னும் அந்த இழை இருந்தது.

"அடிங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

தறி அடித்தது. முதல் அடிக்கு ரோஸியின் காது திரும்பியது. மூன்றாவது அடிக்கு வால் தணிந்தது. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது. பாய் இல்லை. ஆனால் தறி ஓடுகிறது. ஏழாவது அடியில் முன்னங்கால்களை மெதுவாக நீட்டி, அங்கேயே, பாவுக்கு அடியிலேயே, தரையோடு தரையாகப் படுத்தது. மோவாய் சிமெண்டுத் தரையில். இழைகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் இப்போது ஒரு சாண் இடைவெளி.

அறுபத்தெட்டு வயதில் நான் குப்புறப்படுத்து ஊர்ந்தேன். பாவுக்கு அடியில் முழங்கையால் நகர்ந்து போய், வாரைக் கழற்றி, அந்தப் பெட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். இன்னொரு கையால் குட்டியின் பிடரித் தோலைப் பற்றித் தரையோடு இழுத்துக்கொண்டு பின்வாங்கினேன். தனலட்சுமி நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து நாயின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிய பிறகுதான் நிறுத்தச் சொன்னேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. நாயிடம் ஒரு வார்த்தை பேசாமல் இதைச் செய்ததால்தான் நடந்தது. வார்த்தை பேசிய இடத்தில் எல்லாம் முன்பே கெட்டிருந்தது.

குமரவேல் முதலில் பாவைத் தடவிப் பார்த்தார். புதிதாக ஓர் இழைகூட அறுபடவில்லை. பிறகு மனைவியின் தறிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கடைசியாக என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

தனலட்சுமிக்கே பொறுக்கவில்லை. "வயசானவரு, உள்ள பூந்து இழுத்துக்கினு வந்திருக்காரு. அவராண்ட போய் துட்டு கேக்கறியே."

"கேக்காம? மொதலாளி என்னியதான கேப்பாரு. இவரு சொல்லித்தான நீ அடிச்ச?"

அவர் கேட்டது நியாயம். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமானது. அநியாயமாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம்.

"சேலைய நான் எடுத்துக்கறேன். ஆனா நாய் இந்த வீட்டுலதான் இருக்கணும். பாலம், கீலம்னு பேச்சு வரக்கூடாது."

அவர் ரோஸியைப் பார்த்தார். அது அவர் காலடியில் படுத்து, அவர் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. "தறியத் தொடாம இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார்.

"அது உங்க கையில இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் பழக்கியது நாயை அல்ல. வாயில் இழை இருக்கும் மனிதரிடம் "போ" சொல்லச் சொல்லி ஐந்து வருடம் கெஞ்சினாலும் நடக்காது. அவரால் செய்யக்கூடியதைக் கேட்டேன். எழுந்து போகும்போது நாடாவால் தறிச்சட்டத்தை இரண்டு தட்டு தட்டவேண்டும். தட்டினால் ரோஸிக்கு விடுதலை. தட்டாவிட்டால், தறி நின்றாலும் பாய்தான். ரோஸி அதை நான்கு நாளில் கற்றுக்கொண்டது. குமரவேலுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. தினமும் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பாயை முன்பே பாவின் இந்தப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கலாம் என்பது மட்டும் அவருக்கு உடனே புரிந்தது. "இத நீங்க மொதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். தலையாட்டிய மனிதர் சொல்கிறார்.

"படு" என்ற சொல்லை அந்த வீட்டில் தடை செய்தேன். செத்த சொல்லுக்கு உயிர் கொடுக்க முயலாதீர்கள். புதுச் சொல் வையுங்கள். பேட்டரி காலரைத் தினேஷிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஐப்பசி அமாவாசையன்று மத்தியானம் பவித்ரா மறுபடி அழைத்தாள்.

"சார், ரோஸி எழுந்திருக்கவே மாட்டேன்து."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்குது. படையல் போடறப்ப அப்பா இடம்னு சொன்னாரு. படுத்துச்சு. வடையப் பாத்துக்கினே ரெண்டு மணி நேரமா படுத்திருக்குது. கூப்ட்டாகூட வரல."

"தறிச்சட்டத்துல ரெண்டு தட்டு தட்டினீங்களா?"

"அமாவாசை சார். தறியாண்ட யாரும் போவல."

"அப்பாவைப் போய்த் தட்டச் சொல்லும்மா."

தொலைபேசியைக் கீழே வைக்காமலே அவள் நடந்து போனாள். இரண்டு தட்டு கேட்டது. அப்புறம் தரையில் நகங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் சத்தம். அப்புறம் குமரவேலின் குரல்: "ஏய், ஏய், எல்லாத்தையும் துன்னாத, ஒண்ணே ஒண்ணு."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சேலை என் பீரோவில் இருக்கிறது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. என் வீட்டில் அதைக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உடலில் ஒரு விரல்கடை அகலத்துக்கு இழைகள் நெருங்கிக் கறுத்த கோடு ஒன்று தெரியும். ஒரு நாய்க்குட்டி பாவுக்கு அடியில் அடங்கிப் படுத்திருந்த நேரம் அது. உங்களில் யாராவது ஒரு வீட்டுக்குள் நுழைந்த மூன்றாவது நிமிடமே நாயின் கழுத்தில் எதையாவது மாட்ட நினைத்தால், முதலில் செவிலிமேட்டுக்கு வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். சேலைக்கு இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, முழங்கைச் சிராய்ப்புக்கு மருத்துவரிடம் நானூறு, பத்தொன்பது நாள் போய்வந்த பெட்ரோலுக்கு ஆயிரத்து நூறு. ஆக, எனக்கு ஆன செலவு முப்பதாயிரம் ரூபாய்.